முறை சொல்லி வந்தவன்

ஆனி 7, சனி

வதனியின் சடங்கு வீடியோ இன்று யூடியூபில் வந்துவிட்டது. "மதிவதனியின் பூப்புனித நீராட்டு விழா, சங்கரன்கோவில்" என்று ஸ்டூடியோக்காரர் தலைப்பு வைத்திருக்கிறார். கீழே பள்ளிக்கூடத்தின் பெயரும் இருக்கிறது. போடச் சொன்னது நான்தான். ஒன்பதாம் வகுப்பில் என் பேத்திதான் முதல் மாணவி. எந்தப் பள்ளி என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

மகன் நயினார் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, நல்லா வந்திருக்கும்மா என்றான். மருமகள் கோமதி ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்தாள். பாதி பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள். வதனிக்குத்தான் முகம் சரியில்லை.

"இதை எதுக்கு ஆச்சி ஊர் பூரா பாக்கணும்? கிளாஸ்ல பயலுவ கேலி பண்ணுவானுவ."

"பண்ணட்டும். அழகா இருக்கவளைத்தான்ட்டி கேலி பண்ணுவாவ."

"எனக்குப் பிடிக்கல."

"உனக்கு எதுதான் பிடிக்கும்?" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

வீடியோவுக்குக் கீழே எவ்வளவு வாழ்த்து! ஒவ்வொன்றுக்கும் நானே பதில் போட்டேன். படித்தது ஐந்தாவதுதான், ஆனால் என் தமிழில் பிழை கண்டுபிடிக்க வாத்தியார் வர வேண்டும். கடைசியில் இப்படி எழுதினேன்: "வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. நான் இவளுடைய அப்பாவைப் பெற்ற ஆச்சி ஆவுடையம்மாள். என் கூடப்பிறந்த அண்ணன் சண்முகவேல் கோபித்துக்கொண்டு பம்பாய் போய் நாற்பது வருடம் ஆகிறது. தெரிந்தவர்கள் சொல்லவும்." என் போன் எண்ணையும் போட்டேன்.

ஆனி 11, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

அண்ணன் பேரன் கிடைத்துவிட்டான். பெயர் ரோகித். வாட்ஸ்அப்பில் நல்ல தமிழில் எழுதியிருந்தான். "ஆச்சி, நான் சண்முகவேல் தாத்தா பேரன். தாத்தா போன வருடம் தவறிவிட்டார். ஆவுடை, ஆவுடை என்று கடைசி வரை உங்கள் பெயரைத்தான் சொன்னார்."

அண்ணனை நினைத்து முகத்தில் முந்தானையைப் போட்டு அழுதேன்.

சாயங்காலம் கோமதி, "அத்த, முகத்தைப் பாத்தியளா? வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

"கேமரா உடைஞ்சு கிடக்காம். போட்டோ அனுப்பிருக்கான் பாரு. இந்த மூக்கு எங்க அண்ணன் மூக்கு."

"மூக்கை வச்சு என்னத்த கண்டிய?"

இவளுக்கு எங்கள் பக்கத்துச் சொந்தம் என்றாலே இளக்காரம். அவன் அண்ணன் பெயரைச் சொல்கிறான். பம்பாய் என்கிறான். நாற்பது வருடம் என்பதைக்கூடச் சரியாகச் சொல்கிறான். சொந்தம் இல்லாத ஒருத்தனுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்?

ஆனி 13, வெள்ளி

ரோகித் இன்று, "தங்கச்சி எப்படிப் படிக்கிறது ஆச்சி?" என்று கேட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பம்பாயில் வளர்ந்த பிள்ளை, முறை தெரியவில்லை. உடனே போன் போட்டேன்.

"அய்யா, தங்கச்சின்னு சொல்லிராத. யாராவது கேட்டா சிரிப்பாவ. உங்க அப்பா என் மகனுக்கு மச்சான். அப்ப வதனி உனக்கு என்ன வேணும்?"

"நீங்களே சொல்லுங்க ஆச்சி" என்றான்.

"முறைப்பொண்ணு அய்யா! நீ அவளுக்கு அத்தான். கேலி பேச உனக்கு உரிமை உண்டு, தெரிஞ்சுக்கோ."

"அப்படியா ஆச்சி?" என்று சிரித்தான். என்ன பணிவான சிரிப்பு! அவள் எண்ணைக்கூட அவனாகக் கேட்கவில்லை, கூச்சப்படுகிற பிள்ளை. நான்தான் கொடுத்தேன். கோமதியின் பழைய போன்தான் பாடத்துக்காக வதனியிடம் இருக்கிறது.

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஆனி 21, சனி

வதனி போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், "ரோகித் அத்தான் இங்கிலீஷ் சொல்லித் தாராரு" என்கிறாள். அத்தான் என்று அவள் வாயால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாலு வருடம் போகட்டும். இப்போது எழுதினால் கண் பட்டுவிடும்.

ஆனி 29, ஞாயிறு

மாவாட்டிக்கொண்டிருந்தேன். வதனி வந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆச்சி, அவரு ஒரு மாதிரி பேசுதாரு."

"ஒரு மாதிரின்னா?"

"இப்ப என்ன டிரஸ் போட்டிருக்கன்னு கேக்காரு. போட்டோ அனுப்பு, அனுப்புன்னு ஒரே நச்சரிப்பு. முடியாதுன்னா கோவப்படுதாரு."

"முறைப்பையன் கேலி பேசாம பின்ன யாரு பேசுவா? உங்க தாத்தா கல்யாணத்துக்கு முன்னால என்னைப் பேசாத பேச்சா?"

"இது கேலி மாதிரி இல்ல ஆச்சி. அம்மாட்ட சொல்லட்டுமா?"

"சொல்லி? அவ ஒரே நாள்ல உறவை அத்து விட்டுருவா. அத்துப்போனது இப்பத்தான் ஒட்டிருக்கு. நீ பொம்பளப் பிள்ள, பதமா பதில் சொல்லப் படி."

கிரைண்டர் சத்தத்தில் அவள் வேறு என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது போய்விட்டிருந்தாள். மாவு நல்ல பதம்.

ஆடி 1, வியாழன்

வெயில். வற்றல் காயப்போட்டேன். வதனி பசிக்கவில்லை என்று படுத்துவிட்டாள்.

ஆடி 8, வியாழன்

அரிசி எடுக்கப் போனால் டிரம்முக்குள் போன் கிடக்கிறது. அரிசியைத் தள்ளிக் குழி பறித்துப் புதைத்து வைத்திருக்கிறாள். "தண்ணில விழுந்துட்டு, காய வச்சேன்" என்றாள். தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை. என் கைக்குள் இருக்கும்போதே அது விர்ரென்று அதிர்ந்தது. வதனி என்னைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். பாம்பைப் பார்க்கிற பார்வை.

வகுப்பு டீச்சர் கோமதியைக் கூப்பிட்டு, கணக்கில் பாதிதான் வாங்கியிருக்கிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்களாம். கோமதி பிள்ளையை உட்கார வைத்து, "என்னம்மா, அம்மாட்ட சொல்லு" என்றாள். வதனி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

என் பக்கம் ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அந்த வீடியோவை எடுத்துரச் சொல்லுங்க ஆச்சி" என்று அழுதாள். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு இப்படிக் காரணம் இல்லாமல் அழுகை வரும். எனக்கும் வந்திருக்கும், அப்போது யார் பார்த்தார்கள்.

ஆடி 17, சனி

ரோகித் ஆடித்தபசுக்கு வருகிறான்! தாத்தா ஊர்த் திருவிழாவைப் பார்க்க வேண்டுமாம். கோமதிக்குக் கடையில் தபசு வியாபாரம், லீவு கிடைக்காது. ஆகையால் வீட்டில் நானும் வதனியும்தான். முறுக்குக்கு மாவு இடித்தாயிற்று. சடங்குக்கு எடுத்த பச்சைப் பாவாடையை உடுத்தச் சொல்லியிருக்கிறேன்.

"அவரு வந்தா நான் அம்மா கடைக்குப் போயிருதேன்" என்கிறாள்.

"வீட்டுக்கு வாரவனை வான்னு சொல்ல ஆள் வேண்டாமா?"

"நீங்க சொல்லுங்க."

வர வர வாய் கூடிவிட்டது.

ஆடி 20, செவ்வாய்

தலைவாரும்போது பார்த்தேன், வதனி நகத்தையெல்லாம் சதையோடு கடித்து வைத்திருக்கிறாள். வேப்பெண்ணெய் தடவினேன்.

ஆடி 22, வியாழன்

தபசு. விடிந்ததிலிருந்து மேளச் சத்தம். ரோகித் போன் செய்தான். கூட்டத்தில் வழி தெரியாதாம், வதனியைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பச் சொல்கிறான். நான் வருகிறேன் என்றேன். "உங்க காலுக்கு இந்தக் கூட்டம் ஆகாது ஆச்சி, அவ மட்டும் வரட்டும்" என்றான். என் கால்வலி அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

வதனி குளித்துவிட்டு வரட்டும், அனுப்பிவிட்டு மீதியை எழுதுகிறேன்.

ஆடி 23, வெள்ளி

நேற்று மீதியை எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி.

வதனி வாசலில் செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். இன்னொரு காலை நுழைக்காமல் நின்றாள். பச்சைப் பாவாடை இல்லை, பள்ளிக்கூடச் சுடிதார்.

"ஏட்டி, பஸ் வந்திருக்கும்."

"ஆச்சி, நான் போனா அவன் என்னை இங்க கூட்டிட்டு வர மாட்டான்."

"பின்ன எங்க கூட்டிட்டுப் போவான்?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். அதில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்குத் தமிழில் எழுதுகிறவன் அவளுக்கு ஒரு வரிகூடத் தமிழில் எழுதவில்லை.

"என்ன எழுதிருக்கு? வாசி."

"என்னால வாசிக்க முடியாது ஆச்சி. நீங்களே பாருங்க."

கண்ணாடியைப் போட்டேன். ஐந்தாம் வகுப்பில் படித்த ஏபிசிடி மறக்கவில்லை. வி, ஏ, ஆர், ஏ, எல், ஏ, என், ஏ. கூட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் இல்லை, தமிழ்தான். வரலனா. அடுத்தது யு, என், ஜி, ஏ. உங்க. அடுத்தது அப்பா. அதற்குப் பிறகு போன், போட்டோ. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் போனேன். வெளியே மேளம். வதனி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

வரலன்னா உங்க அப்பா போனுக்கு போட்டோ போகும்.

"என்ன போட்டோட்டி?"

அவள் வந்து திரையை மேலே தள்ளிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் படத்தை நான் எழுத மாட்டேன். முகம், எங்கள் வீடியோவில் தண்ணீர் ஊற்றும்போது சிரிப்பாளே, அந்த முகம். உடம்பு என் பிள்ளையுடையது இல்லை.

"நான் அனுப்பல ஆச்சி. சத்தியமா அனுப்பல. அவனே ஒட்டினது. அப்பா நம்ப மாட்டாருன்னு சொல்லுதான்."

இன்னும் மேலே தள்ளினேன். ஒரு சொல் சட்டென்று கண்ணில் பட்டது. ஏ, ஏ, சி, எச், ஐ. ஆச்சி. அந்த வரியைக் கூட்டி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆச்சியே சொல்லிட்டாங்க நீ எனக்கு முறைன்னு. அவங்ககிட்ட போய் சொன்னாலும் உன்னைத்தான் ஏசுவாங்க.

அதற்குக் கீழே வதனி பதில் எழுதவே இல்லை.

"இவனுக்கு நம்ம வீட்டு விஷயம் எல்லாம் எப்படிட்டி தெரிஞ்சுது? அண்ணன் பேரு, பம்பாய்..."

"நீங்க கமெண்ட்ல எழுதுனதைத்தான் அவன் உங்ககிட்டயே திருப்பிச் சொன்னான் ஆச்சி. புதுசா ஒண்ணுமே சொல்லல."

என் போன் அடித்தது. ரோகித். நாங்கள் இரண்டு பேரும் அது அடித்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். உடனே அவள் போன் அடித்தது. அதுவும் நின்றது.

"எல்லாத்தையும் அழிச்சிரு" என்றேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"அழிக்கக் கூடாது ஆச்சி. அதுதான் சாட்சி. பள்ளிக்கூடச் சுவத்துல 1098ன்னு எழுதிருக்கு, பிள்ளைகளுக்கு உதவி நம்பர். தினமும் பாப்பேன். பேசப் பயமா இருக்கும்."

"இப்ப பேசு. நான் பக்கத்துல நிக்கேன்."

பேசினாள். முதலில் குரல் வரவில்லை. அந்தப் பக்கம் இருந்த பெண், மெதுவாச் சொல்லும்மா, உன் மேல தப்பில்ல என்று சொன்னது எனக்கும் கேட்டது. நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

அந்தப் பெண்ணே இங்குள்ள போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டாள். தபசுக்கு ஊரெல்லாம் போலீஸ். சீக்கிரமே எஸ்.ஐ. எஸ்தர் அம்மா சாதாரணச் சேலையில் வந்துவிட்டார்கள், கூட ஒரு பெண் போலீஸ். கோமதி கடையிலிருந்து ஓடிவந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். என்னை ஏசுவாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏசியிருக்கலாம்.

எஸ்.ஐ. அம்மா சொன்னார்கள்: "பாட்டி, பிள்ளையை அனுப்ப மாட்டோம். அது இந்த ரூமைவிட்டே வெளிய வராது. ஆனா அவன் கிளம்பிரக் கூடாது. கூட்டத்துக்குள்ள போயிட்டா பிடிக்க முடியாது. நீங்க பேசணும். எப்பவும் எப்படிப் பேசுவீங்களோ அப்படி."

"என்னால முடியாது."

"குரல்ல பயம் தெரிஞ்சா ஓடிருவான். முடியும் பாட்டி."

நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அய்யா, ராசா, வந்துட்டியா?"

"எவ்ளோ நேரம் ஆச்சி? ஏன் ரெண்டு பேரும் போன் எடுக்கல?"

"மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அய்யா. வதனி கிளம்பிட்டா. புதுத்துணி உடுத்தி, பூ வச்சு, ஒரே வெக்கம்."

கோமதி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தனியாத்தான வாரா?"

"தனியாத்தான்."

இந்த வாயால்தான் சொன்னேன்.

"நீ எங்க நிக்கன்னு சொல்லு அய்யா. பிள்ள தேடும்லா."

அவனுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. எஸ்.ஐ. அம்மா என் முகத்தைப் பார்த்து, இன்னும் பேசுங்கள் என்று கையைக் காட்டினார்கள்.

"உங்க தாத்தாவும் இப்படித்தான் தபசுக்குக் கூட்டத்துல நின்னா எங்க நிக்கேன்னு சொல்லத் தெரியாம முழிப்பாரு" என்றேன். அண்ணனை அவன் வாய்க்கு நானே எடுத்துக் கொடுத்தேன்.

சிரித்தான். "பூக்கடை பக்கத்துல ஒரு வெள்ளைக் கார் நிக்கும் ஆச்சி. அதுகிட்ட வரச் சொல்லுங்க."

கார். முறுக்கு தின்ன வருகிற பிள்ளைக்குக் கார் எதற்கு?

"சரி அய்யா. நல்லா இரு" என்று சொல்லி வைத்தேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு காத்திருந்தோம். வதனி அம்மா மடியில் படுத்திருந்தாள். கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். அதன் பிறகுதான் எஸ்.ஐ. அம்மாவின் போன் வந்தது. பிடித்துவிட்டார்கள்.

அடையாளம் சொல்ல ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். போட்டோவில் பார்த்த இருபது வயதுப் பையனைத் தேடிக் கண் அலைந்தது. பெஞ்சில் இருந்தவனுக்கு முன்வழுக்கை, கையில் கல்யாண மோதிரம். பம்பாயும் இல்லை, ஒன்றும் இல்லை, இரண்டு ஊர் தள்ளி. குரலைக் கேட்டால்தான் தெரியும் என்றேன். என்னைக் கண்டதும் கும்பிட்டு எழுந்தான்.

"ஆச்சி, நீங்களாவது சொல்லுங்க. உங்ககிட்ட மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசிருக்கனா?"

இல்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

"இவன்தான்" என்றேன்.

ஆடி 26, திங்கள்

எஸ்.ஐ. அம்மா வீட்டுக்கே வந்து வதனி சொன்னதை எழுதினார்கள். கோமதி பக்கத்தில். நயினார் போனில், மஸ்கட்டிலிருந்து. வதனியை எதுவும் கேட்கவில்லை அவன், "அப்பா இருக்கேன்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"உன் நம்பர் அவனுக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

வதனி தரையைப் பார்த்தாள். "தெரியல" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள். எனக்காக. அந்தச் சின்னக் கழுத்தில் இதையும் ஏற்றுகிறாளே என்று இருந்தது.

"நான் கொடுத்தேன்" என்றேன். போனில் நயினாரின் மூச்சு நின்றது தெரிந்தது.

"சரி பாட்டி, தெரியாம நடந்தது" என்று எஸ்.ஐ. அம்மா அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

"நிக்கட்டும்மா. அவ எங்கிட்ட வந்து சொன்னா. போட்டோ கேக்கான், கோவப்படுதான்னு சொன்னா. அது கேலின்னு சொல்லி நான்தான் அனுப்பி விட்டேன். அவ அம்மாட்ட சொல்லப் போனதையும் நான்தான் தடுத்தேன். அதையும் எழுதுங்க."

"அது கேஸுக்கு வேணும்னு இல்ல பாட்டி."

"பிள்ள மறைக்கலன்னு தெரியணும்லா. நாளைக்கு எவனாவது, ஏன் முதல்லயே சொல்லலன்னு அவளைக் கேட்டா?"

எழுதினார்கள்.

கோமதி எனக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. மறதியா, வேண்டுமென்றா தெரியாது. குடித்தேன்.

வீடியோவை எடுக்கச் சொல்லி ஸ்டூடியோவுக்கு நானே நடந்து போனேன். "இவ்ளோ பேர் பாத்திருக்காங்களே பாட்டி" என்றார் அவர். "அதனாலதான்" என்றேன். எடுத்துவிட்டார். எத்தனை பேர் தங்கள் போனில் இறக்கி வைத்திருக்கிறார்களோ, அது யார் கையிலும் இல்லை என்கிறார்.

ஆவணி 3, செவ்வாய்

வதனி பள்ளிக்கூடம் போகிறாள். சாப்பிடுகிறாள். என்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்று சாயங்காலம் பாசிப்பயறு தாளித்துக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கடுகு வெடிக்கிறது. அவள் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"ஆச்சி, ஒண்ணு சொல்லணும். ஏசக் கூடாது."

அடுப்பை அணைத்தேன். தாளிப்பு பாதியில் நின்றது. தரையில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், கை எட்டாத தூரத்தில்.

சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, "அம்மா வந்ததும் சேந்து சொல்லுவோமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.